தனியாக வந்ததா, கூட்டத்தோடா

ஹாலிஎலவில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவில் ஒரு வாரமாக மழை. மகள் ஒரு ராணி எறும்பைப் போத்தலில் பிடித்து, கைபேசிப் படங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது கட்டெறும்பு ராணிதானே?"

போத்தலிலிருந்து வந்த எறும்பின் புளித்த நெடி, நான் சிறுமியாக வாழ்ந்த தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, என்னை இழுத்துப் போனது. அங்கும் ஒரு மழைநாளில் இப்படியொன்றைப் பிடித்து அம்மாவிடம் காட்டினேன். என்ன எறும்பு என்று அவள் பார்க்கவில்லை.

"தனியா வந்துச்சா, கூட்டத்தோடயா?"

அம்மாவின் கணக்கில், தனியாக வந்தால் பறந்து வந்த புது ராணி. முட்டைகளோடு கூட்டமே ராணியை இழுத்து வந்தால், லயத்துக்குப் பின்னால் மேட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, மண் சரியப் போகிறது. கூட்டத்தோடு என்றேன். அடுப்பில் ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு எங்களைக் கோயிலுக்கு இழுத்து ஓடினாள். இருட்டுவதற்குள் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை மண் மூடிவிட்டது.

"இது எப்படி வந்துச்சு?" என்று மகளைக் கேட்டேன்.

"குசினியில அடுப்புக்குப் பின்னால சுவர் வெடிப்புலருந்து. எல்லாம் முட்டையத் தூக்கிக்கிட்டு இன்னும் வருதும்மா."