சந்தனம் பிடித்த பொத்தான்

எங்கள் ஊர் காஜா பெராங்கில், பழைய லோரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் எனக்குக் கரண்டு வேலை. சுதந்திரத்துக்குக் கட்டிய கொடிகள் கடைத்தெருவில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. டயரை வேகவைக்கும் நீராவி அச்சின் பக்கத்தில் ஒரு மின்சாரக் கடிகாரத்தை நான் மாட்டியிருந்தேன். சுவிட்சைப் போட்டால் முள் ஓடும்; நேரம் முடிந்ததும் மணி அடிக்கும். அடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால் அடுத்த டயருக்காக முள் பூஜ்யத்துக்குத் திரும்பும். யாராவது அந்தக் கடிகாரத்தை நின்று பார்த்தாலே எனக்குப் பெருமை தாங்காது.

பட்டறையில் இருந்த மூன்று அச்சுகளையும் ஒரே ஆள்தான் கவனித்தார். நாலு பிள்ளைக்காரர், என்னைவிட மூத்தவர். ஆனாலும் கரண்டு தெரிந்தவன் என்ற திமிரில் அவரை "ஏய், அச்சு!" என்றுதான் கூப்பிடுவேன்.

ஆயுத பூசை முடிந்த மறுநாள் மணி அடிக்கவே இல்லை. மணியை நம்பி அவர் அடுத்த அச்சில் நின்றிருந்தார். டயர் கருகி, புகை பக்கத்து ஊர் கிளேபாங் வரைக்கும் நாறியிருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது.

"சுவிட்சே போடல நீ! தூங்கிட்டு என் கடிகாரத்து மேல பழி போடுறியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

முதலாளி யோசிக்கவே இல்லை. "நாளையிலேர்ந்து வராதே" என்றார் அவரிடம்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "இப்பப் போடுறேன், பாருங்க முதலாளி."

புகையைக் கண்டதும் அணைத்திருந்த சுவிட்சை மறுபடி போட்டார். கடிகாரத்தில் கரண்டு விளக்கு எரிந்தது. முள் அசையவில்லை. நான் கடிகாரத்தைத் தட்டினேன், வயரை இழுத்துப் பார்த்தேன். அவர் குனிந்தார்.

"கரண்டு வருதுலா. பொத்தானை யாராச்சும் அமுக்கிக்கிட்டே இருந்தா முள்ளு எப்படிப் போகும்?"

பொத்தானைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் கல்லாகக் காய்ந்திருந்தன. நகத்தால் சுரண்டினார். உள்ளே போயிருந்த பொத்தான் டக்கென்று வெளியே வந்தது; முள் ஓடத் தொடங்கியது. ஸ்குரூ டிரைவரைத் தொட்டறியாத மனிதர்! பொத்தான் உள்ளே இருக்கும்வரை எவ்வளவு கரண்டு வந்தாலும் முள் எண்ணாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளிக்கு அவர் மேல் கோபம் ஆறவில்லை. "உன் அச்சுதானே? நீதான் அப்பியிருப்பே!"

முந்தின நாள் கட்டை விரலால் அழுத்தி அப்பியவன் நான். பக்கத்தில் தட்டைப் பிடித்து நின்றவர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை பிழைக்கும்.

"சாமிக்கு வச்சது முதலாளி. யார் வச்சா என்ன?" என்றார்.

அடடா, என்ன மனுசன்!

"நான்தான் வச்சேன் முதலாளி. அவர் சுவிட்ச் போட்டாரு. நான்தான் அநியாயமாக் கத்திட்டேன்."

முதலாளி என்னை முறைத்தார். கருகிய ரப்பர் ஒட்டிய அச்சை நானே சுரண்ட வேண்டும் என்றார்; அச்சுக்காரரைப் பழையபடி வேலையைப் பார்க்கச் சொன்னார்.

மத்தியானம் வரை சுரண்டினேன். எனக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் குவளையை வைத்துவிட்டு அவர் திரும்பினார்.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். முதல் தடவை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் நடந்துகொண்டே இருந்தார்.