'நலம்' வராத சாயங்காலம்

பத்திரிகை ஆபீஸில் அவனுக்குக் கமா என்று பேர். யார் எழுதிக் கொடுத்த செய்தியானாலும் நடுவில் ஒரு கமாவாவது போடாவிட்டால் அவன் கை அடங்காது. உதவி ஆசிரியர் வேலை. மின்தூக்கியில் ஏறவே பயப்படுகிறவன். அவன் வெளிநாடு போய்ச் செய்தி சேகரிக்கும் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது ஆபீஸே வாயைப் பிளந்தது. இளம் பத்திரிகையாளர்களைச் செலவு கொடுத்து அனுப்புகிற அறக்கட்டளை அது. கிடைத்தது என்னவோ எதிர் மேசை நிருபருக்குத்தான். அவளும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிரித்த முகமாகக் கை கொடுத்தான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அறக்கட்டளைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. போகிறவர் தினமும் சாயங்காலம் ஊரில் ஒருவருக்கு 'நலம்' என்று செய்தி அனுப்ப வேண்டும். வராவிட்டால் அந்த ஒருவர் அறக்கட்டளைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் போச்சு, ஆளைத் தேடிப் பிடித்து விமானம் ஏற்றிவிடுவார்கள். பயணம் அதோடு சரி. அவள் கமாவின் பேரைக் கொடுத்திருந்தாள்.

"என்னை எதுக்குப் போட்டே?"

"உன்னைவிடப் பயந்தாங்கொள்ளி இங்க யாரு இருக்கா? நீதான் ஒழுங்கா கவலைப்படுவே. ஆனா கொஞ்சம் லேட்டானா ஊரைக் கூட்டிடாதே, புண்ணியமாப் போகும்."

அங்கே ஒரு சுரங்கத்தில் செத்தவர்களின் பேரைக் கணக்கிலேயே காட்டாமல் மறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதைத் தேடிப் போனாள். 'நலம்' தினமும் வந்தது. சில நாள் பிந்தி வந்தது. கமா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான்.

ஒரு சாயங்காலம் வரவே இல்லை. கூப்பிட்டால் அவள் போன் அணைந்து கிடந்தது. எந்தக் குழியில் கிடக்கிறாளோ என்று நினைத்துத் தன் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"உடனே சொல்லிடுடா. உயிரைவிடவா வேலை பெரிசு?"

"வயித்தெரிச்சல்ல சொன்னான்னு நாலு பேர் பேசுவாங்கம்மா."

"பேசறவங்க பேசட்டும். உனக்கு ஒண்ணும் வயித்தெரிச்சல் இல்லையே?"

"டீ ஆறுதும்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டான். மேசையில் டீயே இல்லை.

அறக்கட்டளையைக் கூப்பிட்டுச் சொன்னான். சொல்லும்போது குரல் நிஜமாகவே நடுங்கியது. "உடனே திரும்ப அழைச்சிடறோம்" என்று மறுமுனையில் சொன்னபோது மனசுக்குள் ஏதோ ஓர் ஓரம் குளிர்ந்தது. அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுரங்க மேஸ்திரி ஒருவர் செத்தவர்களின் பேரைச் சொல்ல ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். போனை அணைத்தால்தான் பேசுவேன் என்பது அவர் நிபந்தனை. பாதிப் பேச்சில் அறக்கட்டளை ஆட்கள் கதவைத் தட்டினார்கள். மேஸ்திரி எழுந்து போனவர்தான், அப்புறம் அவள் கண்ணிலேயே படவில்லை. செத்தவர்களின் பேரும் அவரோடு போயிற்று.

ஆபீஸில் யாரும் கமாவைக் குறை சொல்லவில்லை. ஆசிரியர் தோளில் தட்டி, "சரியாத்தான் செஞ்சே" என்றார். ஊர் திரும்பிய அவள் மட்டும் பல நாள் அவனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவன் மேசையருகே வந்து நின்றாள்.

"விதிப்படிதான் செஞ்சே. தப்புன்னு சொல்லலே. பயந்துபோய்ச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பிடறேன்."

பயந்தது நிஜம். சொன்னால் தீர்ந்தது. ஆனால் அன்று மனசில் ஓர் ஓரம் குளிர்ந்ததும் நிஜம். பயந்தாங்கொள்ளி என்று ஊரறியப் பேர் வாங்கியவனுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

குனிந்து, முன்னால் கிடந்த செய்தியில் ஒரு கமா போட்டான். அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.