றீற்றா ரீச்சரும் தலைகீழாய் நின்ற பிள்ளைகளும்

சென்ற சனிக்கிழமை காலை மானிப்பாய்ச் சந்தையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் பழைய மாணவி சுகந்தி. இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடியே நின்றாள்.

"ரீச்சர், றீற்றா ரீச்சர் விடியக்காலமை மோசம் போயிட்டா. நெஞ்சுநோ எண்டு சொன்னவவாம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முந்தி முடிஞ்சுதாம்."

மரக்கறிப் பையை வீட்டில் வைத்துவிட்டு இருவரும் குருநகருக்குப் புறப்பட்டோம். இதை வாசிக்கும், ரீச்சரை அறிந்த உங்களில் பலரும் அன்று அங்கே வந்திருந்தீர்கள். அன்று சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றில் கொழும்பில் நடந்த இனக்கலவரத்தின் பின் கப்பலில் வடக்கே வந்து இறங்கியவர்களுள் றீற்றா ரீச்சரும் ஒருவர். குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, கொழும்புப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி படிப்பித்தவர். அடுத்த தவணையே எங்கள் பாடசாலைக்கு வந்துவிட்டார். நான் அங்கே மனையியல் ஆசிரியை. வந்த கிழமையே என் வகுப்பறை வாசலில் நின்று, "பரமேஸ், உங்கடை தையல் மெசின் எனக்கு வேணும். உங்களையும் சேத்துத்தான்" என்றார். பெண்பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக் பழக்கப்போகிறாராம்.

பாவாடையோடு பிள்ளைகள் தலைகீழாக நிற்பதா என்று தாய்மார் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் யாரோடும் வாதாடவில்லை. இருவரும் இருந்து கணுக்கால்வரை நீண்ட காற்சட்டைகள் தைத்தோம். அவருடைய தமையன்மார் கொண்டுவந்த கிழிந்த மீன்வலைகளைத் தென்னந்தும்போடு சேர்த்துச் சாக்குகளில் அடைத்து மெத்தை செய்தோம். மண்டபம் முழுக்க மீன் மணம். பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குட்டிக்கரணம் போட்டார்கள்.

சுகந்தி வெங்காயத் தோட்டம் செய்பவரின் மகள். அவள் கைகளை ஊன்றிக் கால்களை மேலே நீட்டினால் மண்டபம் பேச்சை நிறுத்திப் பார்க்கும். ஒருநாள் பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்தாள். உடம்பு வைத்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிய றீற்றா ரீச்சர், "ஒண்டும் சாப்பிடாமல் தலைகீழா நிக்கிறதுக்கு நீ என்ன வௌவாலோ?" என்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து பயிற்சிக்கு முன் எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிட வேண்டும் என்றாயிற்று. அவித்த கடலையோ பயறோ, என் மனையியல் அறையில்தான் அடுப்பு மூட்டுவோம். ரீச்சரும் அவர்களோடு இருந்து சாப்பிடுவார். யாருடைய எடையைப் பற்றியும் அங்கே ஒருவரும் கதைக்கக்கூடாது.

பரிசளிப்பு விழா வந்தது. மாணவிகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கட்டும் கோபுரத்தின் உச்சியில் சுகந்தி கைகளில் நிற்க வேண்டும். தகப்பன் முதல் வரிசையில் வந்து இருந்தார். மேடைக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை சுகந்தியின் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுவதை றீற்றா ரீச்சர் கண்டார்.

"கையைக் காட்டு."

"எனக்கு நோகேல்லை ரீச்சர்."

"நோகாட்டி ஏன் உன்ரை பொத்தானை மற்றவை பூட்டினம்?"

மணிக்கட்டு வீங்கியிருந்தது. இன்றைக்கு நீ ஏற வேண்டாம் என்றுவிட்டார். பாடசாலை அதிபர் ஓடிவந்தார். "பிரதம விருந்தினர் வந்திட்டார் ரீச்சர். கொஞ்ச நேரந்தானே."

"விருந்தினர் பின்னேரம் வீட்டை போயிடுவார் சேர். இந்தக் கை பிள்ளையோடை கடைசிமட்டும் இருக்கவேணும்."

கோபுரம் உச்சியில்லாமலே எழும்பி இறங்கியது. "எல்லாருக்கும் முன்னாலை என்னை வெக்கப்படுத்திப் போட்டியள்" என்று சுகந்தி அழுதாள். அதிபர் பல நாள் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. வளரும் எலும்பு, பாரம் ஏற்றியிருந்தால் கை நேராக வந்திராது என்று வைத்தியர் சொன்ன பிறகும் சுகந்தியின் கோபம் ஆறவில்லை. ஆனாலும் அவளை மானிப்பாய் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனது றீற்றா ரீச்சர்தான். ஒரே பஸ்ஸில், ஒரே சீற்றில், ஒருவரோடொருவர் கதைக்காமல் அவர்கள் போய்வந்ததை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

கடைசியில் ஒருநாள் பஸ்ஸில் அவளே வாய் திறந்தாளாம். "ரீச்சர், நான் எப்ப திரும்பிக் கைநிலை நிக்கலாம்?"

"நோ முற்றாப் போனாப் பிறகு. அதுமட்டும் சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடு. வாய் நோகேல்லைத்தானே?"

அப்படித்தான் சுகந்தி பயிற்றுநர் ஆனாள். கையும் சுகமாயிற்று. அடுத்த விழாவில் உச்சியில் நின்றாள். ஆனால் சின்னவர்களை அவள் விடவில்லை.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது குருநகர்ச் சனம் வீடுகளை விட்டு வந்தது. எங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கிய குடும்பங்களோடு றீற்றா ரீச்சரும் ஒரு பாயில் இருந்தார். பிள்ளைகள் தாய்மாரை விட்டு அசையவில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்துவார்கள். சில நாள் பார்த்துவிட்டு, சுகந்தியைக் கூப்பிட்டு மெத்தைகளை முற்றத்தில் விரித்தார். ஒருவரையும் அழைக்கவில்லை. இருவரும் மாறிமாறிக் குட்டிக்கரணம் போட்டார்கள். ஐம்பதை எட்டிய ரீச்சர் உருண்டு எழும்பியதைப் பார்த்து ஒரு சிறுமி சிரித்தாள். பிறகு தானும் உருண்டாள். பின்னேரத்துக்குள் வரிசை கிணற்றடிவரை போய்விட்டது.

அந்த நாட்களில் ஒரு பிள்ளை விழ, நான் பதறி ஓடினேன். றீற்றா ரீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பரமேஸ், பிள்ளை விழுந்தவுடனை தன்ரை காலைப் பாக்கிறேல்லை, எங்கடை முகத்தைத்தான் பாக்கும். நாங்கள் பயந்தால் அதுக்கும் பயம் வந்திடும். முதலிலை முகத்தைச் சரியாக்குங்கோ. பிறகு போய்ப் பாக்கலாம்."

அவரைச் சேமக்காலையில் அடக்கம் செய்த மறுநாள் பின்னேரமும் பாடசாலை மண்டபத்தில் பயிற்சி நடந்தது. நிறுத்த வேண்டாம் என்று சுகந்திதான் சொன்னாள். நானும் போய் ஓரமாக நின்றேன். புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னவள் கைநிலையிலிருந்து சரிந்து முதுகடிபட விழுந்தாள். விழுந்தபடியே என்னைப் பார்த்தாள். றீற்றா ரீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த நேரத்துக்கான முகம் ஒன்றைத்தான். கண் கலங்காமல் அதை அவளுக்குக் காட்டினேன். பிறகு மெல்ல நடந்து போய், எங்கே நோகுது என்று கேட்டேன். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "நோகேல்லை ரீச்சர்" என்றாள். அவளே எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு ஓடினாள்.