மருமகளின் இடது காது

எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. வில்லாபுரத்தில் எங்கள் தெரு முனைக் கடையில் டீ குடிக்கும்போதுகூட, மாஸ்டர் டீ ஆற்றுவதை எந்தப் பக்கம் நின்று எடுக்கலாம் என்று கால் தானாக நகர்ந்துகொண்டிருக்கும். வெயில் அவருக்குப் பின்னால் இருந்தால் ஆவி தெரியும், முன்னால் இருந்தால் முகம் தெரியும். ஆவியா, முகமா? கையில் கேமரா இருக்காது, எடுக்கப்போவதும் இல்லை. ஆனாலும் முடிவு பண்ணியாக வேண்டும் என்று உள்ளே ஒரு அரிப்பு. அதற்குள் டீ ஆறிப்போகும்.

"இப்ப யாரு வீட்டுக் கல்யாணத்த எடுக்குறீங்க? கண்ண அம்புட்டுச் சுருக்குறீங்க?" என்று என் மனைவி கேட்பாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால், பஸ் ஜன்னலில், ஏன், துக்க வீட்டில்கூடக் கேட்டிருக்கிறாள். துக்க வீட்டில் கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

பிழைப்புக்குக் கல்யாணமும் காதுகுத்தும் எடுக்கிறேன். எனக்காக எடுப்பது பறவைகளை. விசேஷம் இல்லாத நாட்களில் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சமயநல்லூர் தாண்டி ஒரு கண்மாய்க்குப் போவேன். தண்ணீர் வற்றும் காலத்தில் நத்தைகுத்தி நாரைகள் அங்கே கூட்டமாக இறங்கும். கரையோரம் குனிந்து ஒவ்வோர் அடியாக வைக்க வேண்டும். நாலு அடி வரை அவை கண்டுகொள்ளாது. ஐந்தாவது அடியில் படம் இன்னும் நன்றாக இருக்கும், அல்லது மொத்தமும் பறந்துவிடும். நான் எப்போதும் ஐந்தாவது அடியை வைத்துவிடுகிற ஆள். பறந்த பிறகு வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டு என்னை நானே திட்டுவேன். அடுத்த வாரம் திரும்பவும் போய் அதையே செய்வேன்.

இந்தப் புத்தி பறவைகளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் தங்கையின் கல்யாணத்தில் பொரி போடும் சடங்கு வந்தது. பெண்ணின் உடன்பிறந்தவன் பொரியை அள்ளி அவள் கையில் போட வேண்டும், அவள் அதை அக்கினியில் இடுவாள். "பொண்ணோட அண்ணா எங்கே?" என்று ஐயர் கேட்டபோது நான் மேடைக்கு எதிரே ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். புகை ஒரு பக்கமாக விலகி, தங்கையின் முகத்தில் நெருப்பு வெளிச்சம் விழ ஆரம்பித்திருந்தது. இறங்கினால் அது போய்விடும். "பெரியப்பா மகன் நிக்கிறான்ல, அவன் போடட்டும்!" என்று அங்கிருந்தே கத்தினேன். அவன் போட்டான். படம் அருமையாக வந்தது. கோச்சடையில் அவள் வீட்டுக் கூடத்தில் அதைத்தான் மாட்டியிருந்தாள். அதில் அவளுக்குப் பொரி போடும் கை என்னுடையது அல்ல. எட்டு வருஷம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எட்டு வருஷமும் அவளுக்குப் பிள்ளை இல்லாமல் இருந்தது. பிறகு ஒரு பெண் பிறந்தாள், என் மருமகள். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து படம் எடுத்துத் தள்ளினேன். ஒரு வயதை நெருங்கும்போது அவளுக்கு ஒரு விளையாட்டு வந்தது. "மாமா எங்க?" என்று கேட்டால் கை நீட்டிக் காட்ட மாட்டாள். முஷ்டியை மடக்கி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு மறு கண்ணை இறுக்க மூடுவாள். நான் கேமராவைத் தூக்கினால் போதும், உடனே முஷ்டி கண்ணுக்குப் போகும். அதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் செய்துகாட்டச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

காதுகுத்துக்குத் தேதி குறித்ததும் தங்கை என்னைக் கோச்சடைக்குக் கூப்பிட்டாள். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"கேளு தாயி."

"அன்னைக்கு நீ கேமரா கொண்டு வரக் கூடாது. வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. யார் அந்த ஆள், எந்த லென்ஸ் வைத்திருக்கிறார், வெளியில் எடுத்துப் பழக்கம் உண்டா என்று அடுக்கினேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு எப்படி எடுத்தாலும் சரி. எம் மக உன் மடியில உக்காரணும். நீ மாமனா மட்டும் வந்து உக்காரு. ஒரே ஒரு நாள். இதுக்கும் பெரியப்பா மகன தேட வச்சிராதண்ணே."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில், நான் நாரை பார்க்கப் போகும் அதே சமயநல்லூர்ப் பக்கம், வயலுக்கு நடுவே இருக்கிறது. பட்டு வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, சீர்த்தட்டுகளோடு மேளம் முன்னால் போக நடந்தேன். தோளில் கேமரா வார் இல்லாமல் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறமாதிரி இருந்தது. கோயிலுக்கு முன்னால் வெயிலுக்காக ஒரு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே யார் முகமும் முகமாக இருக்காது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தையின் தலை அதற்கடியில் பச்சையாகத் தெரியும். வந்திருந்த போட்டோகிராபர் என் வயதுக்காரர், அமைதியான மனிதர். அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆறாவது நிமிஷத்தில், தார்ப்பாய்க்கு அடியில் கோலத்தின் மேல் கிழக்குப் பார்த்துப் போட்டிருந்த மணைப்பலகையைக் கையோடு தூக்கி வேப்பமரத்து நிழலில் வடக்குப் பார்த்துப் போட்டேன்.

"என்னங்க இது? போட்ட மணைய யாராச்சும் எடுப்பாகளா?" என்று தங்கையின் மாமியார் பதறிவிட்டார்.

"புள்ளைக்குக் கிழக்கு வெயில் கண்ணுல அடிக்கும் அத்தே. வடக்கும் நல்ல தெசதான்" என்றேன். பூசாரியும், "வடக்கு தப்பில்ல, நேரம் போகுது, உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்ட மிதப்பில் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பலகை இருந்த இடத்தில் கலைந்து கிடந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்தேன். மருமகளை மடியில் வைத்தார்கள். சந்தன வாசனையும் பால் வாசனையுமாக, சின்ன உடம்பு என் நெஞ்சில் சாய்ந்தது. ஆசாரி அவளுடைய இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்தார். "மாமன் தலைய அசையாமப் பிடிச்சுக்கங்க. அதான் உங்க வேல" என்றார். ஒரு கையைத் தலைக்குப் பின்னாலும் ஒரு கையைக் கன்னத்திலும் வைத்து இறுகப் பிடித்தேன். வலது காது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வீல் என்று கத்தினாள். யாரோ வாழைப்பழத்தை வாயில் வைத்தார்கள். அழுகை அடங்கி விம்மலானது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். போட்டோகிராபர் ஆசாரியின் தோளுக்கு நேர்ப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து எடுத்தால் ஆசாரியின் முதுகுதான் விழும். அப்படியானால் வலது காது போயே போய்விட்டது. இடது காதும் போகப்போகிறது. இந்த வெளிச்சத்துக்காக மணையை மாற்றி, சம்பந்தியம்மாவைப் பகைத்து, கடைசியில் ஒரு முதுகா? ஆசாரி கம்பியைக் காதுக்குக் கொண்டுபோகிறார். குழந்தை அமைதியாகத்தான் இருக்கிறாள், ஒரு விநாடிதானே என்று நினைத்தேன். கன்னத்தில் இருந்த கையை எடுத்து, "இடது பக்கம், இடது பக்கம் வாங்கண்ணே!" என்று வீசிக் காட்டினேன்.

அவர் நகர்ந்தார். கேமரா அவள் கண்ணில் பட்டது. விம்மிக்கொண்டிருந்த பிள்ளை தனக்குத் தெரிந்த விளையாட்டைச் செய்ய, முஷ்டியை மடக்கிக் கண்ணுக்குக் கொண்டுபோகத் தலையைத் திருப்பினாள். கம்பி அந்த நேரம் இறங்கியது.

"யோவ் மாமன்! புள்ளையப் பிடிக்கச் சொன்னா யாருக்கய்யா கை காட்டுறீரு?" என்று ஆசாரி கத்தியது மேளத்தை மீறிக் கேட்டது. ரத்தம் நிறைய இல்லை. ஆனால் புள்ளிக்கும் துளைக்கும் நடுவே ஒரு நெல்மணி இடைவெளி. காது மடலின் ஓரத்துக்கே போய்விட்டது. கனமாக எதையாவது போட்டால் அறுந்துவிடும், இந்தத் துளையைத் தூர்ந்துபோக விட்டு ஆறு மாசம் கழித்துத் திரும்பக் குத்த வேண்டும் என்று சொல்லி ஆசாரி அந்தக் கம்பியை உருவி எடுத்தார். அதற்கும் ஒரு முறை அழுதாள்.

தங்கை வந்து குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலைப் பிடித்திருப்பேன். அவள் முந்தானையால் பிள்ளையின் காதை ஒற்றிக்கொண்டே தார்ப்பாய்க்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பந்தியில் உட்காராமல் வேப்பமரத்துக்கும் வயலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன்.

இரண்டு மாதத்தில் ஆல்பம் வந்தது. அந்தப் படம் அதில் நடுப்பக்கம். என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. வெளிச்சம் நான் கேட்டபடி, கோணம் நான் சொன்னபடி. தங்கை, மாப்பிள்ளை, பூசாரி, ஆசாரி எல்லோரும் குழந்தையின் காதையே பார்க்கிறார்கள். குழந்தையின் முஷ்டி பாதி வழியில் நிற்கிறது. தாய்மாமன் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறான். தங்கை அதைப் பெரிதாகப் பிரேம் போட்டுப் பொரிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள்.

"அதக் கழட்டிரு தாயி" என்றேன்.

"ஏன்? நல்லாத்தான வந்திருக்கு? அதுலயாச்சும் நீ இருக்கீல்ல?" என்றாள். குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மருமகளை எப்படியாவது சிரிக்கவைக்கலாம் என்று பையிலிருந்து கேமராவை எடுத்தேன். முஷ்டி கண்ணுக்குப் போகவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்துத் திரும்பவும் தூக்கினேன். உதடு பிதுங்கியது. அதற்குப் பிறகு கோச்சடைக்குக் கேமரா கொண்டுபோவதை விட்டுவிட்டேன். ஆனால் சில வாரங்களில், நான் வெறுங்கையோடு வாசலில் செருப்பைக் கழற்றினாலே அவள் கை காதுக்குப் போக ஆரம்பித்தது. கண்மாய்க்குப் போனாலும் மனது நிலைகொள்ளவில்லை. நாலாவது அடியில் நின்றுவிடுவேன். எடுக்காமல் திரும்பி வருவேன்.

ஆசாரி சொன்ன ஆறு மாதம் ஆனதும் தங்கை போன் பண்ணினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆசாரி வீட்டுக்கே போயி குத்திட்டு வந்துரலாம்னு இருக்கோம். சொந்தபந்தம் யாருக்கும் சொல்லல. நீ வந்துருண்ணே."

"மடிக்கா?"

"பெறகு எதுக்குக் கூப்புடுறேன்?" என்றாள்.

தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு சந்தில் ஆசாரியின் வீடு. நான் முன்னாலேயே போய்விட்டேன். கேமரா வீட்டுப் பீரோவில் இருந்தது. செல்போனைக்கூட வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பாயில் சம்மணம் போட்டு, இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆசாரி என்னைப் பார்த்தார். கம்பியைத் துடைத்தார். அந்த அறையில் பல்பு எங்கே இருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை, சத்தியமாக.

தங்கை பிள்ளையோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் பிள்ளையின் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டன. மடியில் வைத்தாள். கை இறங்கவில்லை. ஆசாரி சாக்லேட் காட்டினார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாளே தவிர கையை எடுக்கவில்லை. நான் மெதுவாக ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தேன். உடம்பு முழுதும் விறைத்தது, மூச்சு விடாமல் அழ ஆரம்பித்தாள்.

தங்கை அவளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தங்கையின் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. நீ கொஞ்சம் வெளிய நில்லேன். உன்னப் பாத்தா கைய எடுக்க மாட்டேங்குறா."

எழுந்து வெளியே வந்தேன். கதவைச் சாத்தினார்கள். சந்தில் யாரும் இல்லை. மேற்கே சாய்ந்த வெயில் எதிர் வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டு மெத்தென்று திரும்பி, நான் நின்ற வாசல் முழுக்க நிறைந்திருந்தது. ஒரு குழந்தையின் முகத்தை எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது, வருஷத்தில் நாலு நாள் அமையும். உள்ளே ஒரு தடவை வீல் என்று கத்தினாள். நான் அந்த வெளிச்சத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.