பாருக்கு வராதவர்

மாத்தளை டவுனில் மழை. ஒரு பார் வாசலில் ஒதுங்கி நின்றேன். நம்புங்கள், ஒதுங்கத்தான்.

ஓர் அம்மா வந்து, தன் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறாரா என்று செக்யூரிட்டியிடம் கேட்டார்.

"ஐயா இன்னைக்கு வரலங்களேம்மா."

கதவோரம் சாத்தியிருந்த தன் வீட்டுப் பூப்போட்ட குடையை அம்மா ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார்.

"அப்ப அந்த வராதவருகிட்ட இத குடுத்துடுங்க. இது இல்லாட்டி போர்டு தெரியாம வேற பஸ்ல ஏறிடுவாரு."

செக்யூரிட்டி அதை வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

கண்ணாடியை மாட்டியதும் வாசலில் நிற்பது யார் என்று தெரிந்துவிட்டது போல. மனிதர் உடனே எழுந்து வந்தார்.

"நீ எப்ப வந்த?"

"நானும் வரலங்க."

இருவரும் அந்தப் பூக்குடைக்குள் ஒட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்கள்.

ஆக, இன்று அந்த பாருக்கு யாருமே வரவில்லை. நீங்கள் யாராவது வந்தீர்களா?