பரங்கிப்பேட்டை வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

பிப்ரவரியிலேயே பரங்கிப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் வெயில் பிடரியைச் சுடுகிறது. பக்கத்து வீட்டு ரஃபி நியூசிலாந்துக்கு வேலைக்குத் திரும்புகிறான். அங்கேயே இருக்கும் தன் மகனுக்காக அவனிடம் ஓர் அம்மா அல்வா டப்பாக்களைக் கொடுக்கிறார். மகனுக்கு வாங்கிய ஸ்வெட்டரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டாராம்.

"அங்க இப்ப கோடதானே?" என்கிறார் என்னிடம். நானும் தெரிந்தவன்போல் தலையாட்டுகிறேன்.

ரஃபி செல்போனைப் பார்க்கிறான். "கோடதான் மாமி. ஆனா இந்த வாரம் குளிர்காத்து வந்து வந்து போவுமாம்."

அம்மா ஓடிப்போய் ஸ்வெட்டரோடு வருகிறார். பெட்டியில் ஏற்கெனவே எடை ஜாஸ்தி. அல்வாவை வெளியே எடுக்க அவருக்கு மனமில்லை. ரஃபி ஸ்வெட்டரை வாங்கிச் சட்டைமேல் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய பஸ் ஏறுகிறான்.

"ஜொரமா தம்பி?" என்கிறார் நடத்துனர்.

"எனக்கில்லண்ணே. நியூசிலாந்துல ஒருத்தனுக்குக் குளிருது."