ஞாயிற்றுக்கிழமை முதல் டிரிப்

எனக்குக் கண்டக்டர் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவன் நான். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு பூசை தவறியதில்லை. காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. எங்கள் முதலாளிக்கு நாலு பஸ். என்னுடையது ராத்திரி வத்தலக்குண்டில் நின்று, விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, செம்பட்டி வழியாக ஏழு மணிக்குத் திண்டுக்கல் வரும். ஏழரைக்குத் திரும்பவும் கிளம்பிவிடும். ஊரில் ஆறு மணிக்கு ஒரு பூசை, எட்டு மணிக்கு ஒரு பூசை. இரண்டு நேரத்திலும் நான் பஸ்ஸில் இருப்பேன். பூசையை விடுவது சாவான பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவனுக்கு அது சின்ன விஷயமாக இல்லை. முதலாளியிடம் கேட்கப் பயம். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

டிரைவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். செம்பட்டி தாண்டி ரோட்டோரம் ஒரு சின்ன மாதா கோயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடக்கும் நேரத்தில் அங்கே பூசை நடந்துகொண்டிருக்கும். நான் படிக்கட்டில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொள்வதை அவர் ஒருநாள் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, உள்ள பூசை நடக்குதுங்களா?"

"ஆமாண்ணே."

"நீங்க போகோணுமா?"

"போகணும்தான். எங்க போறது."

அடுத்த ஞாயிறு அவர் கோயில் முன்னால் பஸ்ஸை நிறுத்தினார். தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, "இஞ்சின் சூடாயிருச்சுங்க. தண்ணி ஊத்தோணும். பத்து நிமிசம் ஆகும்" என்று பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் கோயில் பக்கம் அசைத்தார்.

நான் பையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். உள்ளே இடமில்லை. வாசல் மணலில் முழங்கால் போட்டபோது, சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. முழுப் பூசை இல்லைதான். ஆனாலும் எத்தனையோ மாதம் கழித்து அந்த மணிச்சத்தம் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இப்படி ஒன்றரை மாதம் போனது. கடவுளே இந்த மனிதர் வழியாக ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நம்பினேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் அந்த டிரைவருக்காக அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

செம்பட்டியில் ஒரு பூக்கார அக்கா ஏறுவார். தோட்டத்தில் இருட்டோடு பறித்த மல்லிகையை ஈரத்துணி போட்டு மூடி, கூடையோடு திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டுபோவார். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிறு நான் பூசையிலிருந்து திரும்பி வந்தபோது அவர் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து துணியின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"கும்பிட்டாச்சா?" என்றார்.

"ஆச்சுக்கா."

"இன்னைக்காச்சும் நேரத்துக்குப் போயிருவமா? முகூர்த்த நாளு. போன வாரம் நான் போறதுக்குள்ள ஏவாரி அம்புட்டுப் பேரும் வாங்கிட்டுப் போயிட்டாக. பாதிப் பூவ வீட்டுக்குத் திருப்பித் தூக்கிட்டு வந்தேன்."

"இஞ்சின் சூடுக்கா" என்றேன். கோயில் மணல் முழங்காலில் ஒட்டியிருக்கும்போதே அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "விடியக்காலையில என்னப்பா சூடு? சாமி காரியம்னுதான் நானும் இத்தன நாளு பேசாம இருந்தேன்."

அதற்குப் பிறகு திண்டுக்கல் வரும்வரை நான் பஸ்ஸில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வைத்தியத்துக்கு வரும் கிழவர் ஒருவர். மில்லுக்குப் போகும் மூன்று பேர். மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண். எல்லோரும் சேர்ந்துதான் எனக்கு அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் முதலாளிதான். அவரிடம் பயம் என்பதால், வாய் திறக்காதவர்களிடம் எடுத்துக்கொண்டேன்.

சந்தை வாசலில் பூக்கார அக்காவின் கூடையை நானே இறக்கிக் கொடுத்தேன். "இனிமே நிக்காதுக்கா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் வேகமாகப் போய்விட்டார்.

டிரைவரிடம் சொன்னபோது அவருக்கு வருத்தம். "உங்களக் கும்பிட உடாம ஓட்டுனா எனக்கில்லீங்களா பாவம்?" என்றார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப மொதலாளிகிட்டக் கேளுங்க. என்னத்துக்குப் பயந்துகிட்டு" என்று எழுந்து போனார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

புதன்கிழமை கேட்டேன். ஷெட்டில் டயர் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி நிமிரவே இல்லை. பஸ் நின்ற கதையையும் மறைக்காமல் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"எனக்காகத்தான் நின்னுச்சுங்கய்யா. தப்பு என்னுதுதான்."

நன்றாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "வண்டி நேரத்துக்குப் போச்சுன்னா எவன் போனா எனக்கென்ன. மாத்திக்கிறதுக்கு ஆளப் புடி" என்றார்.

ஆளைப் பிடிக்க நான் அலையவில்லை. பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பழனி பஸ் கண்டக்டர் என் தோளைத் தொட்டார். பேகம்பூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல நான் எங்க இருக்கேன் தெரியுமா? ஒட்டன்சத்திரத்துல டிக்கெட் கிழிச்சிட்டு இருக்கேன். உங்க பஸ்ஸு அந்நேரம் திண்டுக்கல்லதான நிக்கும்?"

நின்றது. மத்தியானம் இரண்டு மணி நேரம் சும்மா நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய பஸ்ஸுக்கு திண்டுக்கல்லிலிருந்து முதல் டிரிப்பே ஒன்பது மணிக்குத்தான். வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் பஸ்ஸை மாற்றிக்கொண்டால் போதும், அவருக்குத் தொழுகை, எனக்குப் பூசை. வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லிலேயே மாற்றிக்கொள்ளலாம்; சனிக்கிழமை ராத்திரி வத்தலக்குண்டு போய்ப் படுக்க வேண்டியது மட்டும் அவருக்குக் கூடுதல் சிரமம். அதை ஒரு சிரமமாகவே அவர் சொல்லவில்லை. இத்தனை மாதம் ஒரே ஷெட்டில் இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லையே என்று அன்றைக்கு டீக்கடையில் நின்று சிரித்தோம்.

முதல் ஞாயிறு நான் ஆறு மணிப் பூசைக்கு ஐந்தேகாலுக்கே போய்விட்டேன். பிரசங்கத்தில் நன்றாகத் தூங்கிப்போனேன். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்து எழுப்பினார். சாமியாரிடம் நாக்கில் நன்மை வாங்கிவிட்டு வெளியே வந்தபோது வெயில் இதமாக இருந்தது. வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, நிதானமாகக் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமைகள்தான் நான் எதிர்பார்க்காதவை. பழனி பஸ் முருக பக்தர்களால் நிறைந்திருக்கும். முதலில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. காவடிகளைக் கூரைமேல் எப்படிக் கட்டினால் மயிலிறகு ஒடியாது என்று கற்றுக்கொண்டேன். அவர்கள் பாடிக்கொண்டே வருவார்கள், நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டே போவேன். வெறும் வயிற்றோடு வரும் வயசாளிகளை ஜன்னல் ஓரம் பார்த்து உட்காரவைப்பேன். ஆயக்குடியில் பஸ் நிற்கும்போது கொய்யாப்பழக் கூடைகள் ஜன்னல் உயரத்துக்கு வரும். ஒன்று வாங்கிக் கடித்துக்கொண்டு விசிலை ஊதுவேன்.